நூற்றெழுபது கிலோ

மூக்கையூரிலிருந்து டாடா ஏஸில் வந்து இறங்கியது
லேலண்ட் முன்னூற்றெழுபது.
சம்ப்பைக் கழற்றினால்
அடியில் விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு,
சேற்றில் ஒரு மீன் செதிள்.
எப்படிப் போனதென்று கேட்காதீர்கள்.
பதினெட்டு வருடம் விசைப்படகின் வயிற்றில் கிடந்தது
எதைத்தான் விழுங்கியிருக்காது.

ஏற்ற வேண்டிய வண்டி அதற்கும் மூத்தது.
அறுபத்தேழு மாடல் பென்ஸ்.
வாலிநோக்கம் உப்பளத்துக்கும் சாயல்குடிக்கும் நடுவில்
மூன்று முதலாளிகளைத் தின்றுவிட்டது.
நான்காவது ஆள் சீனியம்மா.
கணக்கு நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து
"ஆகுமா ஆகாதா, அத மட்டும் சொல்லு" என்றாள்.
ஆகும் என்றேன்.
டேப் வைத்துப் பார்க்கும் முன்னால் சொன்னது.

பார்த்தபோது ஐந்து அங்குலம் இடித்தது.
குறுக்குச் சட்டத்தை வெட்டி இறக்கினோம்.
கேபின் தகட்டை நாலு பவுண்டு சுத்தியலால்
ஒரு மத்தியானம் முழுக்கப் பேசிச் சம்மதிக்க வைத்தோம்.
ஷாஃப்டைக் குறைக்கக் கீழக்கரைக்குக் கொண்டுபோனால்
"நோன்பு நாளு, மஃரிபுக்குப் பொறவு வா" என்றார்
லேத்துக்கார செய்யது இபுறாம்சா.
கஞ்சி குடித்துவிட்டு வந்து
ராத்திரி பதினொன்றரை வரை கடைந்தார்.
கூலியில் பத்து ரூபாய் குறைக்கவில்லை.

செயின் பிளாக்கில் தொங்கும்போதுதான் கனம் தெரிந்தது.
முக்காலியின் குழாய்கள்
மணலுக்குள் ஒரு சாண் இறங்கின.
பிடி. விடு.
இரண்டே சொல்லில் போயிற்று அன்றைய சாயங்காலம்.

படகில் அதற்கு ரேடியேட்டர் கிடையாது.
கடலே உள்ளே வந்து தொட்டுவிட்டுப் போகும்.
இங்கே ஒரு தகரப் பெட்டி,
இருபது லிட்டர் நல்ல தண்ணீர்,
அதுவும் குடம் பத்து ரூபாய்க்கு வாங்கியது.
முதல் நாள் கொதித்தது.
மறுநாளும்.
விசிறியைச் சுற்றிக் கூண்டு அடித்துப் போட்டேன்,
கொதிக்காமல் முனகிற்று.

அப்புறம்தான் உப்பளத்து எடைமேடை சொன்னது:
பழைய எஞ்சினைவிட நூற்றெழுபது கிலோ கூடுதல்.
முன் பட்டைகள் படுத்துவிட்டன.
சில்லறையைத் தவறவிட்ட ஆளைப் போலத்
தரையைத் தேடிக்கொண்டு நின்றது வண்டி.
விளக்கைப் போட்டால்
பம்பருக்கு முன்னால் பத்தடி,
அவ்வளவுதான் ரோடு.
பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்தேன்.
பத்தடி பதினைந்தானது.

சீனியம்மா சுற்றி வந்து பார்த்தாள்.
"உப்ப ஏத்து."
மூட்டை ஏற ஏறப் பின்புறம் அமுங்கி
மூக்கு நிமிர்ந்தது.
வெளிச்சம் ஊர்ந்து ஊர்ந்து
உடைமரத்தைத் தாண்டியது,
பாலத்துக் கைப்பிடிச் சுவரைத் தாண்டியது,
தூரத்தில் ஒரு நாயின் இரண்டு கண்ணில் போய் நின்றது.
"காலியாத் திரும்பும்போது?" என்றேன்.
"காலியா யாரு திரும்புவா?"
நோட்டைத் திறந்து
கரிமூட்டைக்காரன் நம்பரைத் தேடினாள்.

பாக்கி நாலாயிரத்துக்கு வந்தார்
படகை உடைத்து விற்ற சிலுவை பர்னாந்து.
ஓடும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டார்.
"ரெண்டாவது இன்ஜெக்டர் தட்டும்.
அது அப்படித்தான், தொடாத."
பணத்தை எண்ணாமல் மடித்து வைத்தார்.
சாயல்குடி விலக்கு வரை ஏற்றிப் போனேன்.
கேபினுக்குள் எஞ்சின் மூடியில் கை வைத்தபடி வந்தார்.
பள்ளிக்கூடத்து வேகத்தடை வருமுன்
இரண்டு குதிகாலையும் அழுத்தி
முழங்காலைத் தளர்த்திக்கொண்டார்.
எனக்குப் பழக்கமில்லை,
சீட்டிலிருந்து எகிறித் தலை இடித்தது.

ஆர்.சி. புத்தகத்தில்
இன்னும் பழைய எஞ்சின் நம்பர்தான் இருக்கிறது.
ராமநாதபுரம் போக வேண்டும்.
போகும் நாளெல்லாம் லோடு வந்துவிடுகிறது.